பாங்கொக் செல்வோருக்கு: ஹலாலான, சுவையான தாய்லாந்துச் சாப்பாட்டைத் தேடிப் பிடிக்கும் வழி

புடவை வியாபாரம் செய்பவன் என்பதால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைகள் பாங்கொக் போய் வருகிறேன். அங்கே போகும் எம்மவர்கள் பல வகையினர். உடுப்பு எடுக்கப் போவோர், மாணிக்கக்கல்லோடு போகும் பேருவளைச் சகோதரர்கள், வைத்தியத்துக்காகப் போகும் குடும்பங்கள், புதிதாகத் திருமணம் முடித்த பிள்ளைகள் என்று நீளும். போவதற்கு முன்னர் இவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நானா, அங்க சாப்பாட்டுக்கு என்ன செய்யிற?"

இதற்கு எம்மவர்கள் தாமாகக் கண்டுபிடித்த விடைகள் இரண்டு உள்ளன. ஒரு சாரார் பாண், டின் மீன், நூடில்ஸ் பக்கற் எல்லாம் பையில் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்து, ஐந்து நாளும் புரியாணியிலேயே காலத்தைக் கழிப்பார்கள். மற்றச் சாரார் "மீனும் இறாலும்தானே, அதில் என்ன இருக்கிறது" என்று கண்ட கடையில் உட்கார்ந்து விடுவார்கள். முதல் சாரார் ஒரு நாட்டின் சாப்பாட்டையே ருசிக்காமல் திரும்புகிறார்கள். இரண்டாம் சாராருக்குத் தம் தட்டில் என்ன வந்தது என்பதே தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி ஒன்று உண்டு. அது ஒரு கடைப் பட்டியல் அல்ல. கடைகள் மூடப்படும், இடம் மாறும், கை மாறும். ஆனால் தேடும் முறை தெரிந்தால் எந்த வருடம் போனாலும் அது பயன்படும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பன்றி இறைச்சி இல்லை என்றால் போதுமா?

முதலில் பிரச்சினையை விளங்கிக்கொள்வோம். தாய்லாந்துச் சமையல் அடிப்படையில் எமக்கு மிக நெருக்கமானது. தேங்காய்ப்பால், மிளகாய், சேரை, கொத்தமல்லி, புளி, தேசிக்காய், இறால், மீன் எல்லாம் எமது குசினியிலும் உள்ளவைதான். அவர்கள் உப்புக்குப் பதிலாகப் பாவிக்கும் மீன் சோஸ், மீனும் உப்பும் சேர்த்துப் புளிக்க வைத்து எடுப்பது. இறாலை உப்பிட்டு அரைத்த விழுது ஒன்றும் உண்டு. இவை அடிப்படையில் பிரச்சினைக்குரிய பொருட்கள் அல்ல.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பாங்கொக்கின் தெருச் சாப்பாட்டில் சீனச் சமையலின் செல்வாக்கு அதிகம். சீன வழிக் கடைகளில் பன்றிக் கொழுப்பு என்பது சமையல் எண்ணெய். நூடில்ஸ் கடையில் நீங்கள் மீன் உருண்டை கேட்டாலும், அதில் ஊற்றும் சூப் பன்றி எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். பப்பாளிச் சம்பலோடு பொரித்த பன்றித் தோலைத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். சில சோஸ் வகைகளில் மது கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே தாச்சி, ஒரே அகப்பை. முன்னால் நின்றவருக்குப் பன்றி இறைச்சி வதக்கிய தாச்சியில்தான் உங்கள் இறாலும் வதங்கும். தெருக் கடைக்காரர் தாச்சியை ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அவ்வளவுதான்.

எமது நாட்டிலும் தாய்லாந்திலும் பெரும்பாலான முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். கடலுணவு விடயத்தில் எமக்கு விசாலம் உண்டு. ஆனால் அந்த விசாலம் மீனுக்குத்தான், மீன் வெந்த தாச்சிக்கு அல்ல. "கடலுணவுதானே" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் பிழைக்கிறது. கோழியையும் மாட்டையும் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அறுத்தவர் யார் என்ற கேள்வி அதில் இருக்கிறது.

நான்கு வகைக் கடைகள்

பாங்கொக்கில் ஒரு முஸ்லிம் கண்ணில் படும் கடைகளை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, முறையான ஹலால் சான்றிதழ் பெற்ற கடை. தாய்லாந்தில் மத்திய இஸ்லாமியக் குழுவின் இலச்சினை வைர வடிவக் கட்டத்துக்குள் அரபியில் ஹலால் என்று எழுதப்பட்டிருக்கும். பெரிய உணவகங்களிலும், பொதி செய்யப்பட்ட உணவுகளிலும் இதைக் காணலாம். 7-இலெவன் கடைகளில் பிஸ்கட், பாண் வகை, நூடில்ஸ் கோப்பை எனப் பலவற்றில் இந்த வைர வடிவம் இருக்கும். பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். அதே கடையில் சூடாக்கித் தரும் சொசேஜ், சான்விச் வகைகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். ஒரே கடை என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது, முஸ்லிம்கள் நடத்தும் சிறிய கடை. இவற்றில் பலவற்றில் சான்றிதழ் இருக்காது. தள்ளுவண்டி வைத்திருப்பவர் அதற்காக அலைவதில்லை. ஆனால் அடையாளம் உண்டு. பச்சை நிறப் பலகை, பிறையும் நட்சத்திரமும், பிஸ்மி அல்லது கலிமா எழுதிய சட்டகம், பர்தா அணிந்த பெண்மணி. ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் தன் பிள்ளைகளுக்கும் அதே சட்டியில் இருந்துதான் சாப்பாடு கொடுக்கிறார். என்னுடைய நல்ல சாப்பாடுகளில் அதிகமானவை இந்த வகைக் கடைகளில் கிடைத்தவைதான்.

மூன்றாவது, "பன்றி இல்லை" என்றோ, "முஸ்லிம்களுக்கு ஏற்றது" என்றோ எழுதியிருக்கும் கடை. இது ஹலால் என்பதற்குச் சமமல்ல. கோழி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதில் பதில் இல்லை. பக்கத்து மேசையில் பியர் இருக்கலாம். சுற்றுலா இடங்களில்தான் இந்தப் பலகைகள் அதிகம்.

நான்காவது, சைவக் கடை. மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பு எழுத்தில் "ஜே" என்று தாய் மொழியில் எழுதியிருப்பார்கள். பௌத்தர்களும் சீன வழியினரும் விரதத்துக்காக உண்ணும் உணவு இது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் சேராது. வேறு வழியே இல்லாத இடத்தில் கைகொடுக்கும். ஆனால் வெங்காயம், உள்ளியும் சேர்க்க மாட்டார்கள் என்பதால் எமது நாக்குக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

சான்றிதழ் தொங்கும் கடையில் இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். முடிவுத் திகதி. தாய்லாந்தில் வருடத்தைப் பௌத்த ஆண்டில் எழுதுவார்கள். எமது கணக்கோடு 543ஐக் கூட்டினால் அது வரும். 2026 என்பது அங்கே 2569. சான்றிதழில் 2565 என்று இருந்தால் அது 2022 உடன் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எமது நாட்டில் வெசாக்கோடு மாறும் பௌத்த வருடம் தாய்லாந்தினதை விட ஒன்று முந்தி ஓடுவதால், அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டாலும் ஒரு வருடம் பிசகும். கடைக்காரரிடம் தர்க்கம் செய்ய வேண்டியதில்லை. பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுத்தால் போதும்.

பள்ளியைத் தேடுங்கள், கடை கிடைக்கும்

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். கைத்தொலைபேசியில் "சிறந்த தாய்லாந்து உணவகம்" என்று தேடினால் வருவது சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள். "ஹலால்" என்று ஆங்கிலத்தில் தேடினால் வருவதில் பாதி இந்திய, அரபுக் கடைகள். நான் செய்வது வேறு. வரைபடத்தில் முதலில் பள்ளிவாசலைத் தேடுவேன். பாங்கொக்கில் பள்ளிவாசல் இருக்கும் ஒழுங்கையில், அதன் வாசலிலிருந்து நூறு இருநூறு யார் தூரத்துக்குள் சாப்பாட்டுக் கடை இல்லாமல் இருப்பது மிக அபூர்வம். ஊர் மக்கள் சாப்பிடும் கடை என்பதால் ருசியும் இருக்கும், விலையும் நியாயமாக இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பாங்கொக் முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. அயுத்தியா அரசின் காலத்திலேயே பாரசீக முஸ்லிம்கள் அரச சபையில் பதவி வகித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஷெய்கு அஹ்மத் என்பவரிலிருந்து தொடங்கும் சுலாராஜமொந்திரி என்ற பதவி இன்றும் நாட்டின் முஸ்லிம் தலைமைப் பதவியாக இருக்கிறது. பின்னர் தெற்கின் பட்டாணியிலிருந்து மலாய் முஸ்லிம்கள் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1837 முதல் 1840 வரை மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் வெட்டப்பட்ட சென் செப் கால்வாயில் அவர்களின் உழைப்பும் கலந்திருப்பதாக அச்சமூகம் நினைவு வைத்திருக்கிறது. அந்தக் கால்வாய்க் கரை நெடுகிலும் கிழக்கே மின் புரி, நோங் சோக் வரை முஸ்லிம் ஊர்களும் பள்ளிவாசல்களும் உள்ளன.

ஆகவே பாங்கொக்கின் ஹலால் வரைபடம் பெரிய அளவில் அந்தக் கால்வாயின் வரைபடம்தான். இன்று அதில் பயணிகள் படகு ஓடுகிறது. கட்டணம் குறைவு, வீதி நெரிசலும் இல்லை. பான்ஃபா துறையிலிருந்து ஏறினால் போபே உடுப்புச் சந்தை, பான் குருவா, பிரதுனாம், ராம்காம்ஹெங் என்று எமக்குத் தேவையான இடங்களெல்லாம் ஒரே பாதையில் வரும். பிரதுனாமில் மட்டும் படகு மாற வேண்டும்.

நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள்?

உடுப்பு எடுக்கப் போவோர் பெரும்பாலும் பிரதுனாமைச் சுற்றித்தான் தங்குவார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெட்சபுரி வீதியின் 7ஆம் ஒழுங்கை இருக்கிறது. ராட்சதேவி மேம்பால ரயில் நிலையத்துக்கும் கிட்ட. ஒழுங்கைக்குள் தாருல் அமான் பள்ளிவாசலும் இரு பக்கமும் முஸ்லிம் கடைகளும் உள்ளன. மாட்டிறைச்சி நூடில்ஸுக்குப் பெயர் போன ஃபரீதா ஃபடோர்னி இந்த ஒழுங்கையில்தான் உள்ளது. ஒழுங்கையின் பின்பக்கம் கால்வாயை ஒட்டி பான் குருவா கிராமம். கம்போடியாவிலிருந்து வந்த சாம் முஸ்லிம்களின் ஊர் அது. முதலாம் ராமா மன்னருக்காகப் போரிட்டதால் வழங்கப்பட்ட காணி. உலகப் புகழ் பெற்ற ஜிம் தொம்சன் பட்டுக்கு இந்த ஊர்க் குடும்பங்கள்தான் தறி நெய்தன. 1980களின் இறுதியில் அதிவேக வீதிக்காக இந்த ஊரை உடைக்கத் திட்டம் வந்தபோது மக்கள் நீண்ட காலம் போராடி அதைத் தடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு அந்த ஒடுங்கிய பாதைகளில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

மாணிக்கக்கல் வியாபாரிகள் சிலோம், மஹேசாக் பக்கம் போவார்கள். அவர்களுக்கு சாரோன் குரூங் வீதி இருக்கிறது. 36ஆம் ஒழுங்கைக்குள் ஹாரூன் பள்ளிவாசலும் அதனருகே ஹோம் குசீன் என்ற பழைய முஸ்லிம் கடையும் உள்ளன. பிரதான வீதியில் "முஸ்லிம் ரெஸ்டோரன்ட்" என்றே பெயர் கொண்ட பழங்கடை ஒன்றும் உண்டு. இந்தப் பகுதிச் சமையலில் இந்திய வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சிலோம் 20ஆம் ஒழுங்கையிலும் ஒரு பள்ளிவாசல் உள்ளது. காலையில் அந்த ஒழுங்கை முழுவதும் சந்தைதான்.

வைத்தியத்துக்காகப் போவோர் பலர் சுகும்வித் நானா பகுதியில் தங்குகிறார்கள். அங்கே அரபுக் கடைகள்தான் நிறைய. தாய்லாந்துச் சாப்பாடு வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி 22ஆம் ஒழுங்கையில் உஸ்மான் என்ற கடை இருக்கிறது. எம்.பீ.கே. கடைத்தொகுதிக்குப் போகும் குடும்பங்கள் அதற்குள்ளேயே யானா என்ற ஹலால் உணவகத்தைக் காணலாம். மலேசியப் பயணிகள் நிறைந்திருக்கும். பிள்ளைகளோடு போவோருக்கு அது வசதி.

பழைய நகரம் பார்க்கப் போவோர் ப்ரா ஆதித் வீதியில் உள்ள ரொட்டி மதபா கடையைத் தவறவிடக் கூடாது. பழைய கோட்டைக்கு எதிர்ப்புறம் உள்ளது. மதபா என்பது இறைச்சி வைத்து மடித்த றொட்டி. எமது கடைகளில் கோழி றொட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் போலத் தெரியும்.

நேரம் இருந்தால் ராம்காம்ஹெங் பக்கம் போங்கள். 2ஆம் ஒழுங்கையில் தாய்லாந்து இஸ்லாமிய நிலையத்தின் பெரிய பள்ளிவாசல் உள்ளது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் அந்த வளவில் சாப்பாட்டுச் சந்தை கூடும். தெற்குப் பக்கத்துச் சோறு, பொரித்த கோழி, பலகாரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பாங்கொக்கின் முதலாவது ஹலால் ஹோட்டல் எனப் பெயர் பெற்ற அல் மெரோஸும் இந்த ராம்காம்ஹெங் பகுதியில்தான் உள்ளது.

போவதற்கு முன்னர் கடை திறந்திருக்கிறதா என்று வரைபடத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளை நம்ப வேண்டாம். அண்மைய மாதங்களில் மலேசிய, இந்தோனேசிய சகோதரர்கள் எழுதியதைப் பாருங்கள். சிறிய கடைகளில் பகல் இரண்டு மணிக்குப் பின்னர் சட்டி காலியாகிவிடும். ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் எதுவும் இராது. ஆனால் அஸருக்குப் பின்னர் பள்ளிவாசல் ஒழுங்கைகளைப் போய்ப் பார்க்க வேண்டும்.

எதைச் சாப்பிடுவது? நல்ல கடையை எப்படி அறிவது?

முதல் தடவை போகிறவர் "காவ் மொக் கை" கேளுங்கள். மஞ்சள் நிறச் சோற்றுக்குள் கோழியைப் புதைத்து வேகவைப்பது. எமது புரியாணியின் தாய்லாந்து உறவினர். மேலே பொரித்த சின்ன வெங்காயம், பக்கத்தில் வெள்ளரிக்காய், ஒரு சின்னக் கோப்பையில் பச்சை நிறச் சட்னி. அந்தச் சட்னிதான் கடையின் பரீட்சை. மல்லி, புதினா, பச்சை மிளகாய் வாசத்தோடு புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வந்தால் நல்ல கடை. வெறும் சீனிப் பாணி போல இருந்தால் அடுத்த முறை வேறு கடை பாருங்கள். தெருவோரக் கடைகளில் ஒரு தட்டு பெரும்பாலும் நூறு பாட்டுக்குள் அடங்கும்.

இரண்டாவது, மாட்டு வால் சூப். தக்காளி, வெங்காயம், தேசிக்காய், இடித்த மிளகாய் போட்ட தெளிந்த சூப். இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும். பல மணி நேரம் அடுப்பில் கிடந்தால்தான் அது நடக்கும், அவசரக் கடையில் நடக்காது. மூன்றாவது, மசமான் கறி. இந்தப் பெயர் முஸல்மான் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. ஏலம், கறுவா, கராம்பு, உருளைக்கிழங்கு, கச்சான் சேர்ந்த தேங்காய்ப்பால் கறி. இன்று உலகம் முழுவதும் தாய்லாந்துச் சாப்பாடு என்று விற்கப்படும் இந்தக் கறியின் பெயரே எமது பெயர் என்பதை எம்மவர்களில் பலர் அறிய மாட்டார்கள். வட தாய்லாந்தின் "காவ் சோய்" என்ற கறி நூடில்ஸும் யுனான் மாகாணத்திலிருந்து வந்த சீன முஸ்லிம்களோடு தொடர்புள்ளதுதான்.

பப்பாளிச் சம்பல், தொம் யம் சூப், துளசி இலை போட்டு வதக்கிய மாட்டிறைச்சி எல்லாம் முஸ்லிம் கடைகளில் ஹலாலாகக் கிடைக்கின்றன. இந்த நாட்டுச் சமையலில் புளிப்பு, உப்பு, இனிப்பு, உறைப்பு நான்கும் ஒரே வாயில் தெரிய வேண்டும். சுற்றுலாக் கடையில் இனிப்பு மட்டும்தான் முன்னுக்கு நிற்கும். வெளிநாட்டவர் என்று கண்டால் உறைப்பைக் குறைத்து விடுவார்கள். எமக்கு அது தேவையில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடையைத் தெரிவு செய்ய எனது வழிகள் எளிமையானவை. சாப்பாட்டு அட்டை சிறியதாக இருக்க வேண்டும். ஐந்தாறு சாப்பாடுகளை மட்டும் செய்யும் கடையில் அந்த ஐந்தாறும் நன்றாக இருக்கும். பாடசாலைச் சீருடைப் பிள்ளைகளும், கந்தோரில் வேலை செய்யும் பெண்களும், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு செல்லும் இளைஞர்களும் வருகிறார்களா என்று பார்ப்பேன். வாசலில் ஆள் பிடிக்கும் கடைக்குள் நான் நுழைவதில்லை.

நான்கைந்து சொற்கள்

தாய்லாந்து மக்கள் முஸ்லிம் என்பதை "இட்சலாம்" என்றே சொல்வார்கள். "ரான் ஆஹான் இட்சலாம்" என்றால் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முச்சக்கர வண்டிச் சாரதியிடம் இதைச் சொன்னால் போதும். பன்றி இறைச்சிக்கு "மூ". கோழிக்கு "கை". உறைப்புக்கு "பெட்". "பெட் மாக்" என்றால் நன்றாக உறைப்பாக. ருசி என்பதற்கு "அரோய்". சொல்லி முடித்ததும் ஆண்கள் "கிரப்" என்றும் பெண்கள் "கா" என்றும் சேர்த்தால் மரியாதை. முஸ்லிம் கடை என்றால் இது எதுவும் தேவைப்படாது. ஸலாம் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். "ஸ்ரீலங்கா" என்றதும், அங்கே முஸ்லிம்கள் இருக்கிறார்களா என்று வியப்போரும் உண்டு.

எமக்கும் ஒரு பாடம்

தாய்லாந்து, மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர்களாக உள்ள நாடு. முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். எமது நாட்டில் எமது விகிதாசாரம் அதைவிடக் கூட. அந்த நாட்டின் பிரபலமான சூலாலொங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் 2003 முதல் ஹலால் விஞ்ஞான நிலையம் ஒன்று அரசாங்கத்தின் ஆதரவோடு இயங்குகிறது. உணவில் பன்றியின் மரபணுவோ மதுவோ கலந்திருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கிறார்கள். அதன் ஸ்தாபகப் பணிப்பாளர் கலாநிதி வினாய் தஹ்லான், இந்தோனேசியாவில் முஹம்மதிய்யா இயக்கத்தை நிறுவிய அஹ்மத் தஹ்லான் அவர்களின் பேரன்.

இங்கே 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த பிரசாரத்தை நாம் மறக்கவில்லை. ஜம்இய்யதுல் உலமா அந்தப் பணியிலிருந்து விலக நேர்ந்தது. பின்னர் தனியான நிறுவனம் அதைப் பொறுப்பேற்றது. ஒரே மதத்தைப் பெரும்பான்மையாகக் கொண்ட இரண்டு நாடுகள். ஒன்றில் அந்த வைர வடிவம் ஏற்றுமதி வருமானமாகப் பார்க்கப்படுகிறது. மற்றதில் அது அச்சுறுத்தலாகக் காட்டப்பட்டது.

தாய்லாந்து முஸ்லிம்களுக்குக் குறை ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. 2004இல் தெற்கில் குருசே பள்ளிவாசலிலும் தக் பாயிலும் நடந்தவற்றை அந்த மக்கள் இன்னும் சுமக்கிறார்கள். அரசாங்கம் ஹலாலை ஆதரிப்பதற்கு வியாபாரக் கணக்கும் ஒரு காரணம்தான். ஆனாலும் ரொட்டி மதபா கடையில் வரிசையில் நிற்பவர்களில் அதிகமானோர் முஸ்லிம் அல்லாதவர்கள் என்பதைப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. சாப்பாடு நன்றாக இருந்தால் வாசலில் உள்ள பிறையும் நட்சத்திரமும் யாரையும் விரட்டுவதில்லை. காவ் மொக்கை அந்த நாட்டுப் பௌத்தர்கள் தம் நாட்டுச் சாப்பாடாகவே நினைக்கிறார்கள்.

எமது ஊர்களில் வெளிநாட்டு முஸ்லிம் பயணி ஒருவர் வந்தால் நாம் என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலான கடைகளில் பிரைட் ரைஸும் நாசி கொரேங்கும்தான். இடியப்பப் புரியாணியும், சவன் சோறும், வட்டிலப்பமும் கல்யாண வீட்டோடும் பெருநாளோடும் நின்றுவிடுகின்றன. அவரும் எமது நாட்டை ருசிக்காமலேயே திரும்புகிறார். அந்தச் சாப்பாட்டைத் தைரியமாக வாசலுக்குக் கொண்டு வருவதும், அடுத்த வீட்டுச் சிங்களச் சகோதரரும் வந்து உட்காரக்கூடிய கடையாக அதை நடத்துவதும் எமது கையில்தான் இருக்கிறது.

கொழும்பிலிருந்து பாங்கொக் மூன்றரை மணித்தியாலத் தூரம். அடுத்த தடவை போகும்போது டின் மீன் பக்கற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வரைபடத்தில் மூன்று பள்ளிவாசல்களைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரு வக்துத் தொழுகையை அங்கே ஜமாஅத்தோடு தொழுங்கள். தொழுகை முடிந்து வெளியே வரும் ஊர்க்காரர் ஒருவரிடம், நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் காட்டும் கடையில் போய் உட்காருங்கள்.